கொலராடோவின் திருத்தம் 69: ஏன் 'வேண்டாம்' என்று வாக்களித்தேன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 2016 நவம்பர் 8 அன்று, அதிபர் தேர்தலோடு சேர்த்து ஒரு கேள்வியையும் வாக்காளர்களிடம் வைத்தார்கள். மாநிலத்தில் வசிக்கும் எல்லோருக்கும் ஒரே பொது மருத்துவக் காப்பீடு, அதற்குப் புதிய வரி, சம்மதமா? திருத்தம் 69 என்று பெயர். திட்டத்தின் பெயர் கொலராடோகேர். நான் அரோரா நகரத்தில் இருக்கிறேன், சிறு தொழில் செய்கிறவர்களுக்குக் கணக்கு எழுதுவது வேலை. நான் வேண்டாம் என்று வாக்களித்தேன், தெரிந்தவர்களிடமும் அப்படியே சொன்னேன். "எல்லோருக்கும் வைத்தியம் கிடைக்கக் கூடாதா?" என்று இன்றும் யாராவது கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதிலாக இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

எல்லோருக்கும் காப்பீடு வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. வேண்டும். 2015-ல் எங்கள் சின்னவனுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. காப்பீடு இருந்தும் டிடக்டிபிள் 6,000 டாலர், அதாவது காப்பீட்டு நிறுவனம் ஒரு பைசா கொடுப்பதற்கு முன் நம் கையிலிருந்து போக வேண்டிய பணம். மருத்துவமனையிலிருந்து வந்த பில்கள் ஒரே உறையில்கூட வரவில்லை. மயக்க மருந்து கொடுத்தவருக்குத் தனி, ஸ்கேன் பார்த்தவருக்குத் தனி, ஆய்வகத்துக்குத் தனி என்று நான்கு மாதம் வந்துகொண்டே இருந்தன. கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கே எது கட்டியது, எது கட்டாதது என்று குழம்பிப் போயிற்று. இந்த ஏற்பாடு சரியில்லை என்பதில் எனக்கு யாரோடும் வாதமில்லை.

என் மறுப்பு முழுக்க இந்த ஒரு திட்டத்தின் மேல்தான். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாத கணக்கோடு, அதையும் அரசியல் சாசனத்திலேயே எழுதி வைக்கச் சொன்னார்கள். அது முறியும்போது முதலில் அடிபடுவது நோயாளிதான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்படி ஒரு கேள்வியை வாக்குச்சீட்டில் யார் வைக்க முடியும்?

கொலராடோவில் போதுமான கையெழுத்துகள் சேர்த்தால் குடிமக்களே வைக்கலாம். அப்போது தேவைப்பட்டது 98,492. இந்தத் திட்டத்துக்காகச் சேர்த்துக் கொடுத்தது ஒன்றரை லட்சத்துக்கும் மேல். தெருத்தெருவாக நின்று வாங்கிய கையெழுத்துகள், அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். முன்னே நின்றவர் ஐரீன் அகிலார், மாநில செனட்டர், தொழிலால் மருத்துவர். காப்பீடு இல்லாதவர்களைத் தினமும் பார்த்து மனம் நொந்து இறங்கியவர். அவருடைய நோக்கத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தேர்தலுக்கு முன் வீட்டுக்கு வீடு ஒரு நீலப் புத்தகம் தபாலில் வரும். மாநில அளவிலான ஒவ்வொரு கேள்விக்கும் ஆதரவு வாதம், எதிர் வாதம், செலவு, சட்டத்தின் முழு வாசகம் எல்லாம் அதில் இருக்கும். அந்த வருடம் ஒன்பது கேள்விகள். திருத்தம் 69-ன் வாசகம் மட்டும் பக்கம் பக்கமாகப் போனது. நான் அதைப் பென்சிலோடு சமையலறை மேஜையில் உட்கார்ந்து இரண்டு இரவு படித்தேன். எதிராக வாக்களித்தவர்கள் படிக்காமல் பயந்துவிட்டார்கள் என்று சொல்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

திட்டம் என்னதான் தருவதாகச் சொன்னது?

நிறையவே. கொலராடோவில் நிரந்தரமாக வசிக்கும் எல்லோருக்கும் காப்பீடு, மாதப் பிரீமியம் கிடையாது, டிடக்டிபிள் கிடையாது. மருத்துவர், மருத்துவமனை, மருந்து, மகப்பேறு, மனநலம் எல்லாம் அடக்கம். ஏழைகளுக்கான மெடிகெய்ட் இதற்குள் வந்துவிடும். முதியோருக்கான மெடிகேர் அப்படியே இருக்கும், அதற்கு மேல் துணையாக இது சேரும். கேட்பதற்கு இதைவிட நல்ல சேதி இருக்க முடியாது. எனக்கும் முதலில் ஆசையாகத்தான் இருந்தது.

பணம் எங்கிருந்து வருவதாக இருந்தது?

சம்பளத்தின் மேல் 10 சதவீதம். முதலாளி 6.67, தொழிலாளி 3.33. சொந்தத் தொழில் செய்கிறவருக்கு முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே, ஆக 10 சதவீதமும் அவர் தலையில். அப்போது கொலராடோவின் வருமான வரி எல்லோருக்கும் ஒரே விகிதம், 4.63 சதவீதம். இரண்டையும் கூட்டினால் சொந்தத் தொழிலுக்கு 14.63. மத்திய அரசுக்குக் கட்டும் வரி இதற்குமேல் தனி.

மொத்தமாக வருடத்துக்கு ஏறக்குறைய 2,500 கோடி டாலர் வரி வரும் என்று கணக்கிட்டார்கள். அன்றைக்கு கொலராடோ அரசின் முழு பட்ஜெட்டே கிட்டத்தட்ட அந்த அளவுதான். பள்ளிக்கூடம், சாலை, சிறை, பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து எவ்வளவு பணம் புழங்குகிறதோ, அதே அளவுக்கு இன்னொன்றைப் புதிதாக, அனுபவமே இல்லாத ஒரு அமைப்பின் கையில் கொடுக்கச் சொன்னார்கள்.

ஆனால் இப்போது கட்டும் பிரீமியத்தைவிட அந்த வரி குறைவுதானே, அக்கா?

இதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. அதனால் என் வாடிக்கையாளர்கள் நாலைந்து பேருக்கு உட்கார்ந்து போட்டே பார்த்தேன்.

மலைப் பக்கம் வாகனம் ஓட்டித் தொழில் செய்கிற ஒருவர், அவரும் மனைவியும் அறுபதைத் தாண்டியவர்கள். வருமானம் 70,000 டாலர், அரசு மானியம் கிடைக்கும் வரம்புக்குச் சற்று மேலே. மாதம் 1,150 டாலர் பிரீமியம், வருடத்துக்கு 13,800. ஈகிள், கார்ஃபீல்ட், பிட்கின், சம்மிட் கவுண்டிகளில் பிரீமியம் நாட்டிலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்றாக இருந்த காலம் அது. கொலராடோகேர் வந்தால் அவர் கட்டுவது 7,000. பாதி! டிடக்டிபிளும் இல்லை. அவர் ஆதரித்து வாக்களித்தார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று அவரிடமே சொன்னேன்.

இன்னொருவர் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பெண், இரண்டு பிள்ளைகள், தனியாக வளர்க்கிறார். செலவு போக 48,000 டாலர். மானியம் போக அவர் மாதம் கட்டியது 210, வருடத்துக்கு 2,520. புதிய வரி 4,800. டிடக்டிபிள் மிச்சமாகும் என்பது உண்மைதான், ஆனால் வீட்டில் யாருக்கும் பெரிய நோய் வராத வருடத்தில் அந்தக் கூடுதல் 2,280 டாலர் அவருக்கு இரண்டு மாத வாடகைக்கு அருகில். "எங்கிருந்து எடுக்கிறது?" என்று கேட்டுவிட்டு அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு வைத்தது நினைவிருக்கிறது.

அப்புறம் ஒரு சின்ன உணவகம். ஒன்பது பேர் வேலை, வருடச் சம்பளம் எல்லாம் சேர்த்து 2,40,000 டாலர். முதலாளி பங்கு 16,008. அவருடைய சொந்த லாபத்தின் மேல் 10 சதவீதம் வேறு. அங்கே பாத்திரம் கழுவுகிறவர் பகுதி நேர வேலையில் வருடம் 16,000 சம்பாதிக்கிறார், மெடிகெய்டில் இருக்கிறார், பிரீமியம் என்று ஒரு காசு கட்டுவதில்லை. புதிய திட்டத்தில் அவர் சம்பளத்திலும் 3.33 பிடிப்பார்கள், வருடத்துக்கு 533 டாலர். ஏற்கெனவே கிடைக்கிற ஒன்றுக்கு, மிகக் குறைந்த சம்பளக்காரர் புதிதாகப் பணம் கட்ட வேண்டும். இது என்னை உறுத்தியது. மேலே இருப்பவர்களுக்கோ உச்சவரம்பு உண்டு: தனி ஆளுக்கு 3,50,000, தம்பதிக்கு 4,50,000 டாலர் வருமானம் வரைதான் வரி.

ஆக, சிலருக்கு லாபம், சிலருக்கு நஷ்டம். இது மட்டும் என்றால் நான் எதிர்த்திருக்க மாட்டேன். பொதுத் திட்டம் எதுவானாலும் ஒருவர் கொஞ்சம் கூடக் கொடுத்துத்தான் இன்னொருவர் பிழைக்கிறார், அதில் தவறில்லை.

பின்னே எங்கேதான் இடித்தது?

வருடங்களைக் கூட்டிப் பார்த்தபோது.

கொலராடோ ஹெல்த் இன்ஸ்டிட்யூட் என்று டென்வரில் ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கட்சி சாராதது, மாநிலத்தில் யாருக்குக் காப்பீடு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்துச் சொல்கிறவர்கள். அவர்கள் 2016-ல் இந்தத் திட்டத்தின் வரவு செலவைப் போட்டுப் பார்த்தார்கள். முழுதாக நடக்கும் முதல் வருடத்தில் 25.3 கோடி டாலர் துண்டு விழும், 2,500 கோடி புழங்கும் இடத்தில் அது பெரிதில்லை, ஏறக்குறைய சமன் என்றே சொல்லலாம். பிறகு ஒவ்வொரு வருடமும் பள்ளம் ஆழமாகி 2028-ல் 780 கோடி டாலராகும் என்றார்கள்.

ஏன் அப்படி? காரணம் எளிது. வரி சம்பளத்தோடு வளரும். செலவு மருத்துவ விலையோடு வளரும். இந்த நாட்டில் பல பத்தாண்டுகளாகவே மருத்துவ விலை சம்பளத்தைவிட வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு உதாரணத்துக்குப் போட்டுப் பாருங்கள்: சம்பளம் வருடம் 3 சதவீதம், செலவு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைப்போம். இன்று இரண்டும் 100 என்றால் பத்து வருடம் கழித்து வரவு 134, செலவு 163. வெறும் இரண்டு சதவீத வித்தியாசம் பத்தே வருடத்தில் இவ்வளவு தூரம் இழுத்துவிடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், இங்கே அளந்தே பார்க்காமல் 10 என்று ஒரு எண்ணை எழுதிவிட்டு, விலையை இறக்குவதற்கு உறுதியான வழி எதுவும் அதே வாசகத்தில் வைக்கவில்லை.

அது ஒரு நிறுவனத்தின் கணிப்பு மட்டும்தானே? ஆதரவாளர்கள் மறுத்தார்களே?

மறுத்தார்கள். அவர்கள் சொன்னது முக்கியமான விஷயம்: காப்பீட்டு நிறுவனங்களின் நிர்வாகச் செலவும் லாபமும் போய்விட்டால், ஒவ்வொரு மருத்துவரும் பில் போடுவதற்கென்றே ஆள் வைத்திருக்கும் செலவு போய்விட்டால், மருந்தை மொத்தமாகப் பேரம் பேசி வாங்கினால், பணம் மிஞ்சும். மிஞ்சும்தான். நான் நம்புகிறேன். ஆனால் அது ஒருமுறை கிடைக்கும் மிச்சம். வீண் செலவை வெட்டினால் செலவுக் கோடு ஒரு படி கீழே இறங்கும். அதன் பிறகு அந்தக் கோடு பழைய சாய்விலேயே மேலே ஏறும். கணக்குப் பார்க்கிற வேலையில் இதை வருடா வருடம் பார்க்கிறேன்: கடைக்காரர் மின்கட்டணத்தை ஒருமுறை பாதியாக்கிவிடுவார், ஆனால் வாடகை வருடா வருடம் ஏறும்போது அந்த மிச்சம் மூன்றாம் வருடத்தில் காணாமல் போயிருக்கும்.

சரி, பணம் போதவில்லை என்றால் என்ன ஆகும்? ஒன்று, வரியை உயர்த்தக் கேட்டு, திட்டத்தில் சேர்ந்திருக்கும் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு. இல்லாவிட்டால் மருத்துவர்களுக்குக் கொடுப்பதைக் குறைப்பது, அதுவும் இல்லையென்றால் சலுகைகளை வெட்டுவது. மருத்துவருக்குக் குறைத்தால் கிராமப்புறத்தில் இருக்கும் ஒன்றிரண்டு பேரும் போய்விடுவார்கள். சலுகைகளை வெட்டினால், டயாலிசிஸில் இருப்பவருக்கு அன்றைக்கு ஓடிப்போய்ச் சேர வேறு காப்பீடே மாநிலத்தில் மிஞ்சியிருக்குமா? நான் பயந்தது இதற்குத்தான்.

அரசியல் சாசனத்தில் எழுதினால் என்ன? உறுதியாக இருக்குமே?

உறுதியாக இருப்பதுதான் பிரச்சினை. சாதாரணச் சட்டம் என்றால் சட்டமன்றம் அடுத்த வருடமே திருத்தலாம். சாசனத்தில் எழுதியதை மாற்ற மறுபடியும் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு வேண்டும். மருத்துவக் காப்பீடு போல வருடத்துக்கு வருடம் மாறும் ஒன்றை, எந்த வாரியம், எத்தனை உறுப்பினர், எத்தனை சதவீதம் என்று தசமப் புள்ளி வரை சாசனத்தில் எழுதுவதா?

கொலராடோவுக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. 1992-ல் வாக்காளர்கள் டேபர் என்கிற திருத்தத்தை நிறைவேற்றினார்கள், வரியை உயர்த்த ஒவ்வொரு முறையும் மக்களிடம் கேட்டாக வேண்டும் என்றது அது. அதன் விளைவுகளை இன்றுவரை பள்ளிக்கூட நிதியில் அனுபவிக்கிறோம். டேபரை வெறுக்கும் நண்பர்கள் பலர், "சாசனத்தில் எழுதியதால்தானே இவ்வளவு வருடமாகக் கழற்ற முடியவில்லை" என்று புலம்புகிறவர்கள், அவர்களே 69-ஐ சாசனத்தில் எழுதத் தயாராக இருந்தார்கள். இதை அவர்களிடம் நேரடியாகவே கேட்டேன். இருவர் யோசித்தார்கள். ஒருவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

கொலராடோகேரை நடத்தும் வாரியத்தை மக்கள்தானே தேர்ந்தெடுப்பார்கள்?

ஆமாம், ஏழு மாவட்டங்கள், மாவட்டத்துக்கு மூன்று, மொத்தம் 21 பேர். தேர்தல் நடக்கும் வரை நியமிக்கப்பட்ட இடைக்கால வாரியம். ஆனால் டேபர் இந்த வாரியத்தைக் கட்டுப்படுத்தாது, வழக்கமான அரசுத் துறையைப் போல சட்டமன்றத்துக்கு நேரடியாகக் கட்டுப்பட்டதும் இல்லை. வருடம் 2,500 கோடி டாலர் புழங்கும் இடத்துக்கு அது போதாது என்பது என் எண்ணம்.

பெண்கள் அமைப்புகள்கூட எதிர்த்தன என்கிறார்களே?

உண்மை. இது நிறையப் பேருக்குத் தெரியாது. 1984-ல் கொலராடோ சாசனத்தில் ஒரு திருத்தம் வந்தது, கருக்கலைப்புக்கு அரசுப் பணம் செலவழிக்கக் கூடாது என்று. தனியார் காப்பீட்டில் அந்தச் சிகிச்சைக்குப் பணம் கிடைத்துக்கொண்டிருந்த பெண்கள், எல்லோரும் பொதுத் திட்டத்துக்கு மாறியதும் அதை இழப்பார்கள். 69-ன் வாசகம் இதைச் சரிசெய்யவில்லை. அதனால்தான் கருக்கலைப்பு உரிமைக்காகப் போராடும் நாரல் அமைப்பின் கொலராடோ கிளை எதிர்த்தது. இடதுசாரிப் பிரசாரம் செய்யும் ப்ரோக்ரஸ்நவ் கொலராடோவும் எதிர்த்தது. அந்த 1984 திருத்தத்தை நீக்க 2024 வரை ஆயிற்று, திருத்தம் 79 மூலமாக. 2016-ல் 69 நிறைவேறியிருந்தால் நடுவில் எத்தனை வருடம், எத்தனை பெண்கள்? நல்ல எண்ணத்தில் எழுதிய வாசகத்திலேயே இப்படி ஒரு ஓட்டை.

வெர்மான்ட்டில் என்ன நடந்தது?

வெர்மான்ட் சின்ன மாநிலம், ஆறு லட்சத்துச் சொச்சம் மக்கள். 2011-ல் எல்லோருக்கும் ஒரே காப்பீடு என்று சட்டமே போட்டார்கள், கவர்னர் பீட்டர் ஷம்லின் அதை வாக்குறுதியாகச் சொல்லித்தான் ஜெயித்தார். 2014 டிசம்பரில் அவரே கைவிட்டார். கணக்குப் போட்டதில் முதலாளிகள் மேல் 11.5 சதவீத ஊதிய வரி, தனிநபர் மேல் 9.5 சதவீதம் வரை வருமான வரி தேவைப்பட்டது. அவர் எதிரியில்லை, மனதார ஆதரித்தவர். அவருக்கே அந்த எண்கள் தாங்க முடியாததாக இருந்தன. அவர்களுக்குக் கிட்டத்தட்ட 21 தேவைப்பட்ட இடத்தில் நமக்கு 10 எப்படிப் போதும் என்று கேட்டால், திட்டம் வேறு, வரி விதிக்கும் வருமானம் வேறு என்று பதில் வந்தது. வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதிக்கும் மேலான வித்தியாசத்தை அது மட்டும் விளக்கிவிடாது.

கனடாவில் நடக்கிறதே? டொரொன்டோவில் என் தங்கை ஒரு டாலர் கொடுக்காமல் பிரசவம் பார்த்தாள்!

நல்லது, அது அங்கே எப்படி வந்தது என்று பாருங்கள். சஸ்காட்செவன் மாகாணம் 1947-ல் மருத்துவமனைச் செலவுக்கு மட்டும் காப்பீடு தொடங்கியது. மருத்துவர் கட்டணத்தையும் சேர்த்தது 1962-ல். நடுவில் 15 வருடம். அந்த 15 வருடத்தில் நிர்வாகம் பழகிக்கொண்டார்கள், மத்திய அரசும் செலவில் பங்கு தர முன்வந்தது. அப்படியிருந்தும் 1962-ல் மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எல்லாமே மாகாணச் சட்டமன்றத்தின் சட்டங்கள், தவறினால் அடுத்த கூட்டத்தொடரில் திருத்தலாம். 1966-ல்தான் நாடு முழுமைக்கும் மத்தியச் சட்டம். படிப்படியாக, திருத்திக்கொண்டே போனதால் நிலைத்தது. கனடாவைக் காட்டி 69-ஐ ஆதரித்தவர்களிடம் நான் சொன்னது இதையேதான்: கனடா செய்தபடி செய்வதென்றால் நானும் வருகிறேன்.

நான் கம்பெனி வேலையில் இருந்தேன், எச்-1பி. எனக்கு என்ன ஆகியிருக்கும்?

டென்வர் டெக் சென்டர் பக்கம் வேலை செய்த நம் பிள்ளைகள் நிறையப் பேர் கேட்டது. விசாவில் இருந்தவர்களுக்கு வாக்கு இல்லை, ஆனால் 3.33 பிடித்தம் உண்டு. பெரிய கம்பெனிகள் பல, காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்காமல் தாங்களே பணம் ஒதுக்கி ஊழியர் மருத்துவச் செலவைப் பார்க்கின்றன. அந்த ஏற்பாடு மத்தியச் சட்டத்தின் கீழ் வருவது, மாநிலம் தடுக்க முடியாது. ஆகவே கம்பெனி அதைத் தொடரலாம், ஆனால் புதிய வரியையும் கட்ட வேண்டும். இரண்டுக்கும் எந்தக் கம்பெனி கட்டும்? அநேகமாகப் பழையதை விட்டிருப்பார்கள்.

காப்பீட்டு நிறுவனங்கள்தானே எதிர்ப்புக்குப் பணம் கொட்டின? நீங்கள் அவர்கள் பக்கமா?

கொட்டின. ஆந்தம் முதலான பெரிய நிறுவனங்கள் எதிர்ப்புப் பிரசாரத்துக்கு நிறையக் கொடுத்தன, அவர்கள் தொழிலே போய்விடும் என்பதால் கொடுத்தார்கள். என் மகனுடைய பில்லில் என்னை அலைக்கழித்த அதே வகை நிறுவனங்களோடு ஒரே பக்கத்தில் நிற்பது எனக்கு இனிப்பாக இல்லை. ஆனால் ஒரு எண் சரியா தப்பா என்பது, அதை யார் உரக்கச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து மாறாது. ஜனநாயகக் கட்சி கவர்னர் ஜான் ஹிக்கன்லூப்பர் எதிர்த்தார், குடியரசுக் கட்சி மாநிலப் பொருளாளர் வாக்கர் ஸ்டேப்பிள்டனும் எதிர்த்தார். வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள்.

முடிவு என்ன ஆயிற்று?

நூற்றுக்குச் சுமார் 79 பேர் வேண்டாம், 21 பேர் வேண்டும். அதே நாளில் அதே மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் ஹிலரி கிளின்டன் ஜெயித்தார். அதே வருடம் மார்ச்சில், 69-ஐ வெளிப்படையாக ஆதரித்த பெர்னி சாண்டர்ஸ் அங்கே அதே கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் ஜெயித்திருந்தார். ஆகவே இதைக் கட்சிச் சண்டை என்று ஒதுக்க முடியாது.

இன்னொன்றும் அன்று இரவு நடந்தது, அதிபர் தேர்தலில் ட்ரம்ப் ஜெயித்தார். கொலராடோகேர் நடக்க வேண்டுமானால் மத்திய அரசின் விலக்கு அனுமதியும், மெடிகெய்ட் பணத்தைத் திருப்பிவிட அனுமதியும் வேண்டும். 2017-ல் வாஷிங்டன், ஒபாமா காலத்தில் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தையே கலைக்கப் பார்த்தது, ஜூலையில் செனட்டில் ஒரே ஒரு வாக்கில் தப்பியது. அந்த அரசிடம் கொலராடோ கை நீட்டி நின்றிருக்கும்.

சரி, வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். காப்பீடு இல்லாதவன் என்ன செய்வான்?

இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு அதோடு வேலை முடியவில்லை.

முதலில், 2016-ல் நாம் சூனியத்தில் நிற்கவில்லை. 2013-ல் மெடிகெய்டை விரிவாக்க மாநிலம் சட்டம் போட்டது, 2014-லிருந்து நடைமுறை. காப்பீடு இல்லாதவர்கள் 2013-ல் 14.3 சதவீதம், 2015-ல் 6.7. இரண்டே வருடத்தில் பாதிக்கும் கீழே. சாதாரணச் சட்டம், சாசனம் இல்லை.

அதற்குப் பிறகும் ஒவ்வொன்றாக வந்தது. மிகவும் செலவாகும் நோயாளிகளின் பில்லில் ஒரு பங்கை மாநிலமே ஏற்கும் திட்டம் 2020-ல் தொடங்கியது, தனியாகக் காப்பீடு வாங்குகிறவர்களின் பிரீமியம் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, மலைப் பக்கம் அதைவிட அதிகம். என்னுடைய அந்த வாகனக்காரருக்கு அதுதான் பெரிய ஆறுதலாக இருந்தது, மெடிகேர் வயது வரும் வரை ஓட்டிவிட்டார். 2021-ல் கொலராடோ ஆப்ஷன் சட்டம், பிரீமியத்தை மூன்று வருடத்தில் 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது, எல்லா நிறுவனங்களும் அதை எட்டவில்லை, அங்கே இன்னும் அழுத்தம் வேண்டும். 2025-லிருந்து, குடியுரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறைந்த வருமானமுள்ள குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் காப்பீடு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அதிகம் பேசப்படாத ஒன்று: 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த மருத்துவமனைக் கட்டணச் சலுகைச் சட்டம். குறைந்த வருமானக்காரருக்கு மருத்துவமனை மாதத்துக்கு வசூலிக்கக்கூடிய தவணைக்கு வருமானத்தில் இத்தனை சதவீதம்தான் என்று வரம்பு உண்டு, 36 மாதம் கட்டினால் கணக்குத் தீர்ந்தது. காப்பீடு இல்லாதவரிடம் மருத்துவமனையே வருமானத்தைக் கேட்டுத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், காப்பீடு இருப்பவரும் கேட்டால் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கேட்க வேண்டும் என்பதே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்ணுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை ஆனபோது பில்லை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். இரண்டு சம்பளச் சீட்டு, போன வருட வரிப் படிவம், ஒரு விண்ணப்பம். என் சமையலறை மேஜையிலேயே நிரப்பினோம், முக்கால் மணி நேரம் ஆயிற்று. உங்களிடம் அப்படி ஒரு பில் இருந்தால், கட்டுவதற்கு முன் பில்லிங் பிரிவைக் கூப்பிட்டு அந்த விண்ணப்பத்தைக் கேளுங்கள்.